கட்டி தட்டாத பால்

நான் கலக்கும் பாலில் கட்டி தட்டாது. ஒன்பது வருஷமாக அந்த வார்டில் நான் தலை நிமிர்ந்து நடந்ததற்கு அந்த ஒன்றுதான் காரணம். படிப்பு கிடையாது, பதவி கிடையாது, பால் கலக்குகிறவள், அவ்வளவுதான். தாய்மார்கள் என்னைப் ‘பாலக்கா’ என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பட்டாசு’ என்று சொல்வதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்திருந்தது.

எலும்பும் தோலுமாக வரும் பிள்ளைகளுக்கான வார்டு அது. எட்டுக் கட்டில், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. பட்டினி கிடந்த பிள்ளைதானே என்று வயிறு நிறையக் கொடுத்தால் அதுவே எமனாகிவிடும். முதலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, மில்லிக் கணக்கில் அளந்து, பால்மாவில் கலக்கிய நீர்த்த பால். ஓரளவு தேறி, தானாகப் பசி எடுத்து அழ ஆரம்பித்த பிறகுதான் கடலை விழுதுப் பொட்டலம். விழுங்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைக்கு மூக்கு வழியாக வயிறு வரை ஒரு மெல்லிய குழாய் விட்டு அதில் பாலை இறக்குவார்கள். பாலில் கடுகளவு கட்டி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதை உருவி, புதுசு விட வேண்டும். பிள்ளை துடிக்கிற துடிப்பை நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். எனக்கு முன்னால் இருந்தவள் காலத்தில் அது தினமும் நடந்ததாம். நான் வந்த பிறகு ஒரு நாள்கூட நடக்கவில்லை.

“எப்படி பாலக்கா உங்களுக்கு மட்டும் கட்டி தட்ட மாட்டேங்குது?” என்று சிஸ்டர் கேட்பார். அந்த வார்டின் மூத்த நர்ஸ் அவர், என்னை மிரட்டாத ஒரே ஆள்.

“கைப்பக்குவம் சிஸ்டர். சொன்னா வராது” என்பேன். பெருமைதான், வேறென்ன.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பவள். இந்தப் பிள்ளைகளுக்கு எதிர்த்து நிற்கிற சக்தி கிடையாது. நமக்கு வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகிற தண்ணீர் அதுகளைக் கொண்டுபோய்விடும். அதனால் பால் அறையில் என் கையில்தான் எல்லாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் விட வேண்டும், மூடியோடு ஆற வேண்டும். ஜக்கு, கரண்டி, கப்பு எல்லாம் தனியாக வேறொரு பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும். குடிக்கிற தண்ணீர் டிரம்மும் நான் காய்ச்சி நிரப்புவதுதான். சோப்பு போடாமல் டிரம் பக்கம் வந்த தாயை நான் சும்மா விட்டதில்லை. ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள், மறுநாள் நானே போய்க் கூட்டி வந்தேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டில் அவளுக்குச் ‘சின்னவள்’ என்றுதான் பெயர், நான் மட்டும் ‘அசமந்தம்’ என்பேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலில் குருவி பார்க்கிற ரகம். பையனுக்குப் பதினாலு மாதம். சுண்டு விரல் மாதிரி இருக்கிறான் என்று பிறந்த அன்று நான்தான் ‘சுண்டு’ என்று கூப்பிட்டேன், அது பொய்யாகாமலே போய்விட்டது. தராசில் போட்டால் ஐந்து கிலோ இருநூறு. கை மணிக்கட்டில் இரண்டு விரலைச் சுற்றினால் மிச்சம் இருந்தது.

தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் வார்டு பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் டாக்டர் இருக்கிறார், போன உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார், பிள்ளை நிமிர்ந்து உட்காரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே போவதற்கென்று தங்கை வீட்டுக்காரர் வாசலிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

“பாட்டில் ஏத்துனா இந்த உடம்பு தாங்காது. இதயம் நின்னுடும். நான் ஒன்பது வருஷமா பாத்துட்டிருக்கேன்” என்றேன்.

“இங்க மட்டும் என்ன உத்தரவாதம்?” என்று கேட்டார்.

“நான்தான் உத்தரவாதம். என் கையால ஒரு சொட்டுகூடத் தப்பாப் போகாது. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளுங்க.”

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையனை என் கையில் கொடுத்தாள். வண்டி திரும்பிப் போய்விட்டது.

ஆறாம் கட்டில் அவனுக்கு. முதல் நாலு நாள் ஒழுங்காகப் போனது. நான் அளந்து கொடுத்த பாலை அவள் கப்பிலிருந்து மெதுவாக ஊட்டுவாள், அவன் பாதி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். நாலாம் நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டான். பிடியில் கொஞ்சம் பலம் இருந்தது. அன்று நான் யாரையும் திட்டவில்லை, சிஸ்டர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரம்தான் வார்டுக்குப் பின்னால் புதுக் கழிப்பறை கட்ட மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மண்வெட்டிச் சத்தம். ஐந்தாம் நாள் காலை பால் அறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. குழாய் இருமியது, ஒரு வாய் மண் நிறத்தில் துப்பியது, அப்புறம் தெளிந்து ஓடியது. முகர்ந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை. இல்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போடுகிறவர் அந்த நேரம் வாளியோடு அந்தப் பக்கம் வந்தார். நாங்கள் அவரைத் தொட்டிக்காரர் என்போம். தினமும் காலையில் மாடியில் ஏறி, தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதில் மாத்திரை போடுவார். இளஞ்சிவப்பு வந்தால் மருந்து சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

“என்னய்யா, குழாய் மண்ணைத் துப்புது?” என்று கேட்டேன்.

“தோண்டுறாங்கல்ல, ஆட்டம் கண்டிருக்கும். தொட்டியில இப்பதான் பாத்துட்டு வர்றேன். ரோஸ் கலர் ஜம்முனு வந்துச்சு. காலையில உன் முகத்தைப் பாக்கிறதுக்கு அதையே பாத்துட்டு இருக்கலாம்.”

“உன் கண்ணாடியை முதல்ல மாத்து, அப்புறம் கலர் பாக்கலாம்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கவலை இல்லை. குழாயில் எது வந்தால் என்ன, நான்தான் கொதிக்க வைக்கிறேனே.

அன்று மத்தியானம் மூன்றாம் கட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அது ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது முடியவில்லை, மூக்கில் குழாயோடு கிடந்தது. முதலில் இரண்டு தடவை, அப்புறம் கணக்கே இல்லை. தண்ணீராகப் போனது. சிஸ்டர் முகம் மாறியது. இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்பது இரண்டு பக்கமும் கூரான கத்தி. உடம்பில் தண்ணீர் வற்றினாலும் போய்விடும், வற்றியதை அவசரமாக நிரப்பினாலும் போய்விடும். அதற்கென்று இருக்கிற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, மூச்சை எண்ணிக்கொண்டே கொடுக்க வேண்டும். அந்தக் கரைசலையும் கலக்குகிறவள் நான்தான். அதே பால் அறையில், அதே கைப்பக்குவத்தோடு கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யாரோ ஒருத்தி கை கழுவவில்லை, யாரோ ஒருத்தி நடைபாதைக் குழாயில் கப்பை அலம்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் கட்டில் கட்டிலாகப் போனேன். நகத்தைப் பார்த்தேன், தலையணையைத் தூக்கிப் பார்த்தேன், ஒருத்தி ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டைத் தூக்கி எறிந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் ஐந்தாம் கட்டிலுக்கும் ஆரம்பித்தது.

அதற்கு அடுத்த நாள் காலை நான் நடைபாதையில் வரும்போது தங்கை குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். சுண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் தாடையிலிருந்து அவன் தலைமேல் தெறித்தது. நான் ஓடிப்போய் பையனைப் பிடுங்கினேன்.

“அறிவிருக்காடி உனக்கு? இந்தத் தண்ணிகிட்ட பிள்ளையக் கொண்டு வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?”

“தூக்கம் சொக்குச்சுக்கா. கீழ விட்டா அழறான்.”

“அழட்டும். அவன் வாயில ஒரு சொட்டு பட்டா என்ன ஆகும்னு தெரியுமா? அசமந்தம், அசமந்தம்.”

அவள் முகத்தைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

பதினொரு மணிக்கு சுண்டுவுக்கு ஆரம்பித்தது.

பயத்தைக் காட்டத் தெரியாதவள் நான், எனக்குத் தெரிந்தது சத்தம் போடுவது ஒன்றுதான். வார்டு நடுவில் நின்றுகொண்டு, எட்டுக் கட்டில் தாய்மார்களும் பார்க்க, வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். “நான் ராப்பகலா காய்ச்சிக் காய்ச்சிக் கொடுக்கிறேன், இவ கொண்டுபோய்க் குழாய்த் தண்ணியக் குடிக்க வச்சிருக்கா. பெத்தவளே இப்படிச் செஞ்சா நான் என்ன பண்றது? பாத்துக்கோங்கம்மா எல்லாரும், நல்லாப் பாத்துக்கோங்க. இப்படித்தான் வருது இது.”

“நான் குடிக்க வைக்கலக்கா” என்றாள் அவள், மெல்ல.

“தெறிச்சதை நான் என் கண்ணால பாத்தேன்.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். “தெறிச்சிருக்கும்” என்றாள். “வாயிலயும் பட்டிருக்கும். எனக்கு ஞாபகம் இல்லக்கா.”

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறுதலாகத்தான் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அது என் அறைக்கு வெளியே இருந்தது. நான் போய் இன்னும் கவனமாகப் பால் கலக்கினேன். ஜக்கை இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். கரைசலையும் கலக்கினேன். அரை மணிக்கு இருபத்தைந்து மில்லி, கரண்டி கரண்டியாக நானே ஊட்டினேன். பையன் குடித்தான், குடித்ததைவிட அதிகமாகப் போனான். சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. என் விரலை வைத்தேன், பிடிக்கவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது மூன்றாம் கட்டிலில் விரிப்பு இல்லை. வெறும் ரப்பர் மெத்தை. அந்தத் தாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை இல்லை, துணி மூட்டைதான் இருந்தது. யாரும் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மற்ற தாய்மார்கள் தங்கையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். ஏழாம் கட்டில்காரி தன் கட்டிலை ஆறாம் கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள். நான் தைத்துக் கொடுத்த பழி அது, சட்டை மாதிரி என் தங்கைக்குப் பொருந்திவிட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் மகள் இருந்தால் அந்த வயசு இருக்கும். சத்தமே போடாது, அதனால் எனக்கு அதனிடம் கொஞ்சம் பயம். அன்று காலை அது கையில் ஒரு தாளோடு வார்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தொட்டிக்காரரைக் கூப்பிட்டு, “அந்தச் சோதனையைத் தொட்டியில வேண்டாம். இங்க கீழ, ஒவ்வொரு குழாயிலயும் பண்ணுங்க” என்றது.

அவர் பால் அறைக் குழாயில் பிடித்து மாத்திரை போட்டார். குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நிறம் வரவில்லை. இன்னொரு மாத்திரை போட்டார். அதுவும் கரைந்து தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நடைபாதைக் குழாயிலும் அப்படித்தான்.

“தொட்டியில இருக்கே மேடம். இன்னைக்குக் காலையிலகூட ரோஸ் வந்துச்சே.”

“தொட்டியில இருக்கு. நடுவுல எங்கயோ போயிடுது” என்றது டாக்டர்.

பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். தோண்டிய பள்ளத்தில், தொட்டியிலிருந்து வரும் எங்கள் குழாய் ஒரு இடத்தில் மண்வெட்டி பட்டு வாய் பிளந்திருந்தது. பக்கத்திலேயே பழைய கழிப்பறைக் குழாயும் உடைந்து, பள்ளம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர் நின்றது. தொட்டித் தண்ணீர் நின்றவுடன் எங்கள் குழாய் அதை உறிஞ்சும், மறுபடி ஓடும்போது எங்களிடம் கொண்டுவரும்.

நான் நிமிர்ந்து நின்றேன். “நான் சொன்னேன்ல, குழாய் மண்ணைத் துப்புதுன்னு. இவருதான் கலர் பாத்துட்டுச் சிரிச்சார்.” தொட்டிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “நல்ல வேளை, நான் ஒரு சொட்டுகூடக் காய்ச்சாமக் கொடுக்கிறதில்ல. அந்தப் பிள்ளைங்க வெளிக்குழாயிலதான் குடிச்சிருக்கணும்.”

டாக்டர் தாளை என்னிடம் காட்டியது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று அதற்குத் தெரியும், இருந்தாலும் காட்டியது. “பாலக்கா, ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, எட்டு. இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க பொட்டலம் சாப்பிடறாங்க, டிரம் தண்ணி குடிக்கறாங்க. மூணு, அஞ்சு, ஆறு. இவங்க பால் மட்டும்தான்.”

எனக்குப் புரிந்தது. சுர்ரென்று ஏறியது. “என் பாலையா சொல்றீங்க?”

“யாரையும் சொல்லல. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க. ஒன்பது மணிப் பால் எப்படிக் கலக்குவீங்களோ அப்படியே கலக்குங்க. நான் பாத்துட்டு நிக்கிறேன்.”

நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு வந்து என் தங்கையிடம் கேட்கட்டும். சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, அடுப்பிலிருந்த காய்ச்சிய தண்ணீரை ஊற்றிக் கையை அலசினேன். ஆறிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தேன். மாவு டப்பாவைத் திறந்தேன். பக்கத்து அடுப்பில் ஜக்கு கொதித்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் அதைத் தூக்கினேன், ஆவி பறந்தது. திரும்பினேன். குழாயைத் திறந்து ஜக்கை அடியில் காட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டினேன்.

ஜக்கு கையில் குளிர்ந்துவிட்டது.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர்தான் வந்து அதை மூடியது. மூடும்போது நான் என் கையைப் பார்த்தேன், இடுக்கியும் ஜக்குமாக அது அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

“ஏன் அக்கா?” என்று மெதுவாகக் கேட்டது.

“சூட்டு ஜக்குல மாவைப் போட்டா கட்டி தட்டும்” என்றேன். “மூக்குக் குழாய் அடைச்சுக்கும். பிள்ளை துடிக்கும். அதான் ஒரு சுத்து காட்டி ஆத்துவேன். ஒன்பது வருஷமா.”

ஒன்பது வருஷமாக. தண்ணீரில் மருந்து இருந்தவரை அது ஒன்றும் செய்யவில்லை. நான் அதை ஒரு வேலை என்றுகூட நினைத்ததில்லை. யார் கேட்டிருந்தாலும் கொதிக்க வைக்கிறேன், ஆற வைக்கிறேன், கலக்குகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். என் கைப்பக்குவம் அதுதான், அந்த ஒரு சுற்று. ஜக்கில் ஒட்டி நின்ற அந்த நாலு சொட்டின்மேல்தான் நான் பாலை ஊற்றினேன், கரைசலை ஊற்றினேன், வயிற்றுப்போக்குக்கு மருந்து என்று அதையே மறுபடி மறுபடி ஊட்டினேன்.

“கேட்டிருந்தா கட்டியை எடுக்க ஒரு வடிகட்டி வாங்கித் தந்திருப்பேனே” என்றது டாக்டர். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சிஸ்டர் ஓடிப்போய்ப் புதுப் பாத்திரம், புது ஜக்கு எல்லாம் எடுத்துவந்து, பாட்டில் தண்ணீரைக் காய்ச்சி, கரைசலைத் தன் கையால் கலக்கினார். என்னிடம் கப்பைக் கொடுத்து, “ஆறாம் கட்டிலுக்கு இப்பவே போகணும்” என்றார். அவருக்கு ஆள் இல்லை, ஐந்தாம் கட்டிலை அவர் பார்க்க வேண்டும். வாங்கிக்கொண்டு போனேன்.

பால் அறையிலிருந்து ஆறாம் கட்டில் வரை இருபது அடி இருக்கும். சொல்லாமலும் இருக்கலாம் என்று அந்த இருபது அடியில் எனக்குத் தோன்றியது. குழாய் உடைந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, பழியை அது சுமக்கட்டும். டாக்டர் என்னைக் காட்டிக்கொடுக்கிற பெண் இல்லை. தங்கையும் கேட்க மாட்டாள், அவள் எதைத்தான் கேட்டிருக்கிறாள்.

சுண்டு மல்லாக்கக் கிடந்தான். வாய் உலர்ந்து திறந்திருந்தது, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், தவறு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நேற்றிலிருந்தே அப்படித்தான் இருக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், பிள்ளையைத் தொடவே இல்லையாம்.

கப்பை நீட்டினேன். அவள் பின்னால் சாய்ந்தாள்.

“நீயே குடுக்கா” என்றாள். “என் கை வேண்டாம். உன் கைதான் சுத்தம்.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“உன் கை இல்லடி” என்றேன். “என் கை.”

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். ஜக்கைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், கட்டி தட்டக் கூடாது என்று ஒரு சுற்றுச் சுற்றியதைச் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது, மற்ற கட்டில்களுக்கும் கேட்டது. கேட்கட்டும். அவளைச் சொன்னபோதும் எல்லாருக்கும் கேட்டதே.

“மூணாம் கட்டிலுக்கும் அதே ஜக்கா?” என்று கேட்டாள்.

“அதே ஜக்கு.”

“அந்த உப்புத் தண்ணிக்கும்?”

“அதுக்கும்.”

என்னைத் திட்டுவாள், கப்பைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அத்தனை பேர் முன்னாடி நான்தான்னு சொன்னியேக்கா” என்றாள்.

“சொன்னேன்.”

அவள் தன் கைகளை வெளியே எடுத்தாள். அடியில் அழுந்தி வெளிறிப் போயிருந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து கப்பையும் கரண்டியையும் வாங்கினாள்.

“இது யாரு கலக்குனது?”

“சிஸ்டர். புதுப் பாத்திரத்துல, புதுத் தண்ணியில.”

“நீ தொடலையே?”

“கப்பைப் பிடிச்சுட்டு வந்தேன், அவ்வளவுதான்.”

கப்பின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். முதல் கரண்டியைத் தான் குடித்தாள், நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காய்ச்சிய தண்ணீர் கேட்டு வாங்கிக் கரண்டியை அலசிவிட்டு, இரண்டாவதை அவன் உதட்டில் வைத்தாள். பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. மூச்சை எண்ணினாள். மறுபடி ஒரு கரண்டி. என் அசமந்தம் அன்று முழுக்க ஒரு கரண்டி தப்பவில்லை, ஒரு மூச்சு எண்ணத் தவறவில்லை. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன், என்னைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் கட்டில் தாயின் வீட்டுக்கு டாக்டரோடு நானும் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். அந்த வாசலில் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை, துணி வெளுக்கும் அறைக்கு மாற்றினார்கள். பால் அறையில் இப்போது ஜக்குகள் காய்ச்சிய தட்டில் கவிழ்ந்து தாமாக ஆறுகின்றன, சுவரில் ஒரு வடிகட்டி தொங்குகிறது. தொட்டிக்காரர் ஒவ்வொரு குழாயாக மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை விட்டே போகிறார். என்னைப் பார்த்தால் கேலி செய்வதில்லை. நானும் அவரைச் செய்வதில்லை.

சுண்டு பிழைத்தான். ஐந்தாம் கட்டில் குழந்தையும் பிழைத்தது. இருபத்தோரு நாள் கழித்து ஆறு கிலோ நூறு என்று எழுதி, பொட்டலங்களைப் பையில் போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கை வீட்டுக்காரர் வண்டியோடு வந்தார். என்னைக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை நாற்காலி எடுத்துப் போட்டாள், நன்றாகத்தான் பேசினாள். சமையல் மேடையில் மூடி போட்ட பாத்திரத்தில் காய்ச்சிய தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அவன் கப்பு கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள், குடித்தேன். சுண்டு தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். கன்னம் கொஞ்சம் வந்திருந்தது. விழுது தொண்டையில் ஒட்டியதோ என்னவோ, என்னைப் பார்த்துக் கையை நீட்டி, தண்ணீருக்கு அழுதான்.

மேடை என் பக்கத்தில்தான் இருந்தது. எழுந்து கப்பை எடுத்து நிமிர்த்தினேன்.

தங்கையின் உள்ளங்கை வந்து கப்பின் வாயை மூடியது. கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். யோசித்துச் செய்த மாதிரிகூட இல்லை.

“நான் குடுக்கிறேன்க்கா. நீ உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் கப்பைக் காய்ச்சிய தண்ணீரில் அலசி, ஊற்றி, அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை என் கைகளைத் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.